ஏழுக்கு அஞ்சு

போன வாரம் திருச்சியிலிருந்து கூடப் படித்தவள் ஒருத்தி கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பிள்ளைகள். "இன்டர்நேஷனல் ஸ்கூல் எப்படிடி? பதிமூணு வருஷம் ஓட்டியிருக்கியே, சேர்க்கலாமா வேணாமா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் அவளுக்கு வேண்டிய பதில் என் வாயில் வரவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு மகளுடைய தமிழ்ப் பாடத்தில் போய் நின்றது. சரி, எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். ஆனால் அளவு புரிய வேண்டும். உட்லண்ட்ஸில் இருக்கும் அமெரிக்கப் பள்ளி 1956இல் தொடங்கியது, ஏறத்தாழ 4,000 பிள்ளைகள். டோவரிலும் தெம்பனிசிலும் இரண்டு வளாகம் வைத்திருக்கும் யுனைடெட் வேர்ல்ட் காலேஜில் 5,000க்கும் மேல். எங்கள் பள்ளி இந்த இரண்டும் இல்லை, ஆனால் அதே ரகம். ஒரு பாலர் வகுப்புப் பிள்ளை வழி தவறினால் கண்டுபிடிக்க ஆள்விட வேண்டிய அளவுக்குப் பெரிசு. முதல் நாள் நானே தவறினேன். நீச்சல் குளத்தில் போய் நின்றேன்.

2012 ஆகஸ்டில் மகளைச் சேர்த்தபோது அவளுக்கு ஐந்து வயது. கட்டணத்தை என் வீட்டுக்காரரின் கம்பெனி கட்டியது, அதனால் நாங்கள் யோசிக்கவே இல்லை. மூன்று வருஷம் கழித்து கம்பெனி அந்தச் சலுகையை நிறுத்தியபோதுதான் ரசீதை முழுசாகப் படித்துப் பார்த்தோம். இப்போது பெரிய பள்ளிகளில் மேல்வகுப்புக்கு ஆண்டுக்கு 40,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும். அரசாங்கப் பள்ளிக்கு மாற்றலாமே என்றால், வெளிநாட்டுப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலிருந்து ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணக்கும். தேறினாலும் எங்காவது இடம் காலியாக இருந்தால்தான். அவளோ தோழிகளை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு சுவா சூ காங்கில் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, பள்ளியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டோம். அது புத்திசாலித்தனமா என்று இவருக்கும் எனக்கும் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு.

படிப்பு எப்படி என்றால், முதலில் எங்களுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பெற்றோர் சந்திப்பு என்று கூப்பிட்டார்கள். போனால் டீச்சர் ஓரமாக நிற்கிறார், மகள்தான் எங்களைக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, தன் ஃபைலைத் திறந்து, ஐஸ்கிரீம் குச்சியில் கட்டிய பாலம் ஏன் விழுந்தது என்று பத்து நிமிஷம் விளக்குகிறாள். விழுந்த பாலத்துக்கு எதற்கு இத்தனை பெருமை என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீச்சரிடம் திரும்பி, "ரேங்க் என்ன?" என்றார். ரேங்க் கிடையாது. மார்க்கும் கிடையாது. மேலே போனபிறகு ஒன்றிலிருந்து ஏழு வரை ஒரு எண் தருவார்கள். அதிலே இவள் முதல் வருஷம் கணக்கில் வாங்கிய 5ஐ அப்பாயியிடம் போனில் பெருமையாகச் சொல்ல, "ஏழுக்கு அஞ்சுதானா?" என்று அப்பாயி கேட்டதும் பிள்ளை முகம் சுண்டிப்போனது.

வகுப்புச் சுவர் முழுக்க போஸ்டர், நல்ல மாணவருக்குப் பத்து குணங்கள், அதில் தேடிக் கேட்பவர் ஒன்று, துணிந்து இறங்குபவர் ஒன்று. நான் இதையெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன். நாலாம் வகுப்பில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்கினாள். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வாய்ப்பாட்டுப் புத்தகம் வாங்கி வந்து, ராத்திரி சாப்பிட்டதும் பழைய முறையில் ஒப்பிக்க வைத்தேன். எங்கள் பள்ளியில் எனக்குத் தெரிந்த இந்தியப் பெற்றோர் பாதிப்பேர் இதைத்தான் செய்தார்கள். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் நாலைந்து பேர் கிளம்பிவிடுவார்கள். அப்பாவுக்கு துபாய், அம்மாவுக்கு ஜூரிக், அல்லது வேலையே போய்விட்டது. வேலை அனுமதி ரத்தானால் மூட்டை கட்ட 30 நாள்தான் அவகாசம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. ஒருநாள் இவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார், வெறும் ஜுரம். பள்ளி விட்டு வந்த மகள் அவரைப் பார்த்ததும் பையைக்கூட இறக்காமல், "நாம போகணுமா?" என்று கேட்டாள். பூசானிலிருந்து வந்த நெருங்கிய தோழி ஐந்தாம் வகுப்பு முடிந்து போனபிறகு, அடுத்த ஒரு வருஷம் புதிதாக யாரோடும் ஒட்டவே இல்லை. உலகம் பூராவும் சிநேகிதம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், வாஸ்தவம்தான், உலகம் பூராவும்தான் இருக்கிறார்கள். பக்கத்தில்தான் இல்லை.

இனி தமிழுக்கு வருகிறேன்.

வாசலில் எழுபது எண்பது கொடிகள். அக்டோபரில் ஐ.நா. நாள் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் ஊர் உடுப்பில் வருவார்கள், பெற்றோர் சமைத்துக் கொண்டுபோய்க் கடை போடுவோம். நான் வருஷா வருஷம் பாவாடை கட்டி அனுப்பி, நூறு மினி இட்லி அவித்துச் சுமந்திருக்கிறேன். இரண்டாவது வருஷம் ஒரு டீச்சர், நல்ல மனுஷி, "வீட்டில் ஹிந்தி பேசுவீர்களா, இந்தியன் பேசுவீர்களா?" என்று கேட்டார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பாடமாக எடுக்க சீனம், ஸ்பானிஷ், பிரெஞ்சு இருந்தன. தமிழ் இல்லை. எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தில் தமிழ் உண்டு, நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் அது ஒன்று. எங்கள் எதிர்வீட்டு சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன் அரசாங்கப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்து, கட்டுரை எழுதி, ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் பேச்சுப்போட்டிக்கும் போய்வருவான். நாலு தலைமுறைக்கு முன் ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை அவன். திருச்சியிலேயே பிறந்த என் மகள் ஸ்பானிஷில் வினைச்சொல் மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். எழுத்து மட்டும் தெரியாது. நான் சொல்லித்தர ஆரம்பித்து, க ங ச தாண்டுவதற்குள் நீச்சல் வகுப்பு, பியானோ, வாய்ப்பாடு. தப்பு என் பேரில்தான்.

2022 டிசம்பரில் கோவிட் எல்லாம் அடங்கி ஊருக்குப் போயிருந்தோம். ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். வந்த பஸ்ஸின் போர்டைப் பார்த்து இவள் என்னிடம், "இது எங்கே போகுது?" என்றாள். பக்கத்தில் என் தம்பி மகன், மூன்றாம் வகுப்பு. "அக்கா, சத்திரம்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கே!" என்றான். அவன் கிண்டல்கூடச் செய்யவில்லை. நிஜமாகவே, இந்த அக்காவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டான். அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை.

திரும்பி வந்து இரண்டாவது மாதம், பத்தாம் வகுப்பில் டிப்ளமோவுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம். ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) டிப்ளமோ என்பது 1968இல் ஜெனிவாவில் அமைப்பு தொடங்கி, ஊர் ஊராக மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும் என்று உண்டாக்கியது. ஆறு பாடம், பாடத்துக்கு ஏழு, 42. அதோடு 4,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கும், அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து 3, ஆக 45. தேற 24 வேண்டும். (நம் ஊரில் இது பிளஸ் டூவுக்கு இணைதான், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதை நான் சொந்தக்காரர்களுக்கு ஐம்பது தடவை சொல்லியிருக்கிறேன், அந்தத் தோழியும் சொல்ல வேண்டியிருக்கும்.) அந்த ஆறில் ஒன்று தாய்மொழி இலக்கியம். பள்ளியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லையென்றால், பள்ளியின் மேற்பார்வையில் பிள்ளை தானே படித்துத் தேர்வு எழுதலாம், சாதாரண நிலையில் மட்டும். ஒன்பது படைப்புகள், சில வேற்றுமொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. ஆங்கில இலக்கியமும் சேர்த்து எடுத்துத் தேறினால் இருமொழி டிப்ளமோ. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவளே விதிப்புத்தகத்தைத் தோண்டி எடுத்தாள்.

பள்ளி தயங்கியது. இதுவரை யாரும் தமிழ் கேட்டதில்லை, மதிப்பெண் போய்விடும், ஸ்பானிஷையே தொடரலாமே என்று மூன்று மின்னஞ்சல். எழுதப் படிக்கத் தெரியாத மொழியில் இலக்கியமா என்று அவர்கள் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை. நல்லவேளை, அவர்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. கடைசியில், டீச்சரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஜூரோங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கிடைத்தார். சனிக்கிழமை தோறும் அங்கே. பாடம் தொடங்க ஆறு மாதம் இருந்தது. அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க எதிர்வீட்டுப் பையனின் பழைய தொடக்கப்பள்ளிப் புத்தகங்களை வாங்கி வந்தாள். அவன் அவளைவிட இரண்டு வயது சின்னவன், ரொம்பத்தான் அலட்டிக்கொண்டான்.

ஒரு ராத்திரி நடந்தது மட்டும் சொல்கிறேன். டீச்சர் ஒரு சங்கப் பாட்டை வெறும் பாட்டாக நகலெடுத்துக் கொடுத்திருந்தார், உரை இல்லை, யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பும் இல்லை. கடற்கரை, புன்னை மரம், இரவில் வந்து போகும் தலைவன், ஊர்வாயில் அலர். சாப்பாட்டு மேசையில் அவள் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்கிறாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "தோழி கூற்று, இதுக்கென்ன யோசனை" என்றேன். பத்தாம் வகுப்பில் செய்யுள் பகுதியில் ஒரு மார்க் விடாதவள் நான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். படிச்சிருக்கோம்."

"பாட்டுல எங்க இருக்கு?"

பாட்டில் எங்கும் இல்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்து, "ஏன் இவங்களுக்குப் பேரே இல்ல?" என்றாள். அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது என்றேன். இது எனக்குத் தெரியும், இரண்டு மார்க் கேள்வி. "ஏன் கூடாது?" என்றாள். இந்த ஏன் எனக்குத் தெரியாது. பெயர் சொல்லிவிட்டால் அது ஊரில் ஒரு குடும்பத்துச் சமாச்சாரமாகிவிடும், சொல்லாவிட்டால் யாருடையதாகவும் இருக்கலாம் என்று யோசித்து யோசித்து அவளே சொன்னாள், பாதி ஆங்கிலத்தில். மணி பன்னிரண்டரை. முப்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரிப் பாட்டுகளை நான் மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை. விழுந்த பாலத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிய பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள்.

கேள்வி கேட்க வந்ததே தவிர எழுத வரவில்லை. தேர்வு இரண்டு தாள், ஒன்று ஒன்றேகால் மணி, இன்னொன்று ஒன்றேமுக்கால் மணி, எல்லாம் கையால். ண, ன, ந மூன்றும் அவளுக்குக் கடைசிவரை சண்டை. கணினியில் வளர்ந்த கை, அரைப் பக்கத்துக்குள் வலிக்கும். வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு படைப்பை எடுத்து, உலகப் பிரச்சினை ஒன்றை வைத்துப் பேசி, பதிவு செய்து அனுப்ப வேண்டும். பதிவின்போது அறையில் இருந்த மேற்பார்வையாளருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. முடிந்ததும், "எனக்குப் புரியவில்லை, ஆனால் ஐந்தாவது நிமிஷத்தில் யார் மேலோ உனக்குக் கோபம்" என்றாராம். சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

2025 ஜூலை முதல் வாரம் முடிவு வந்தது. மொத்தம் 36, தமிழில் 5. அப்பாயிக்குப் போன் போட்டோம். என்ன கேட்டார்கள் என்று எழுதத் தேவையில்லை. இந்தத் தடவை அவள் முகம் சுண்டவில்லை, "ஆமா அப்பாயி, அஞ்சுதான்" என்று சிரித்தாள்.

செப்டம்பரில் நெதர்லாந்துக்குப் படிக்கப் போய்விட்டாள். தோழிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நேற்று அவளுடைய அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தமிழ் ஃபைல் அப்படியே இருக்கிறது. அந்தப் புன்னை மரத்துப் பாட்டின் நகலும் இருந்தது, ஓரத்தில் பென்சிலால், ந வர வேண்டிய இடத்தில் ன போட்டு, எழுதியிருக்கிறாள்: "அம்மா சொன்னது தப்பு. இது தோழி இல்ல, தலைவி. உரை பக்கம் 34ல வேற மாதிரி இருக்கு, அதையும் னம்பாதே."

உரையை எடுத்து 34ஆம் பக்கத்தைப் புரட்டினேன். தோழியும் இல்லை, தலைவியும் இல்லை, செவிலி கூற்று என்று போட்டிருக்கிறது. இப்போது பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.