பேரக்குழந்தையின் முதல் ஆறு வாரம்: தாத்தா பாட்டி செய்ய வேண்டியது

குழந்தை பிறந்த சேதி வந்த பிறகுதான் தயாராவோம் என்றிருந்தால் ஒரு காரியத்தில் காலம் கடந்துவிடும். அது தடுப்பூசி. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு நாள்பட்ட இருமலாக வந்து போய்விடும். பச்சிளம் குழந்தைக்கோ மூச்சே நின்றுவிடலாம். குழந்தைக்கு இதற்கான முதல் ஊசி ஆறாவது வாரத்திலோ இரண்டாவது மாதத்திலோதான் போடுவார்கள். அதுவரை கர்ப்பத்தில் அம்மா போட்டுக்கொண்ட ஊசியும், குழந்தையைத் தூக்குகிறவர்கள் போட்டுக்கொண்ட ஊசியும்தான் காவல். போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே கர்ப்பத்தின் எட்டாம் மாதத்திலேயே உங்கள் மருத்துவரிடம் போய் டிடாப் (கக்குவான் இருமலைத் தடுக்கும் ஊசி), ஃப்ளூ ஊசிகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அதே மாதத்தில் மகன் மருமகளோடோ மகள் மருமகனோடோ உட்கார்ந்து பேசிவிடுவதும் நல்லது. எத்தனை நாள் தங்குவது, ராத்திரி யார் விழிப்பது, பார்க்க வருகிறவர்களை யார் தடுப்பது, படங்களை உறவினர்களுக்கு அனுப்பலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த பிறகு எல்லாருக்கும் தூக்கம் கெட்டிருக்கும். அப்போது சின்னப் பேச்சுகூட வருத்தமாகிவிடும். உதவிக்கு வருகிற பெரியவர்கள் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, பெற்றவளைச் சமையலுக்கும் துணி துவைக்கவும் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அடுப்பும் துணியும் வாசல் மணியும் நம்முடையவை. குழந்தை அவர்களுடையது.

நாம் பிள்ளை வளர்த்த காலத்துக்கும் இன்றைக்கும் மிகப் பெரிய வித்தியாசம் படுக்க வைக்கும் முறையில்தான். அப்போது பலர் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்தோம். இப்போது ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகல் குட்டித் தூக்கத்துக்கும்கூட, மல்லாக்கத்தான். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இதைப் பெரிய அளவில் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 'மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறாதா' என்று எல்லாப் பாட்டிகளும் கேட்பார்கள். நியாயமான பயம்தான், ஆனால் உடல் அமைப்பு வேறு விதம். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது.

படுக்கை தட்டையாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்கட்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். ஆசையாக வாங்கிய மெத்து மெத்தென்ற அணையை மனசு கேட்காமல் வைத்துவிடாதீர்கள். குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது இதைவிட ஆபத்து. கண் சொக்கினால் உடனே தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் வாரத்தில் நாம் எடுத்துச் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவது. பால் குடித்த நேரம், சிறுநீர், மலம், இவ்வளவு போதும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். முதல் நாள் ஒரு ஈரத்துணி, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாறு நாளில் ஆறுக்கு மேல் வர வேண்டும். கரும்பச்சையாக வரும் மலம் நாலைந்து நாளில் மஞ்சளாகிவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் எடை முதல் சில நாளில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பும். இது தெரியாமல் 'பால் பத்தவில்லை' என்று சொல்லிவிட்டால் பெற்றவளின் நம்பிக்கை உடைந்துபோகும். வாயால் சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். கணக்கு குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் ஆறு மாதம் வரை வேண்டாம். வயிறு நிறைந்து பால் குறையும், ரத்தத்தில் உப்பும் நீர்த்துப்போகும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் பச்சைக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

தொப்புள்கொடி பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானே உதிரும். உலர்ந்திருக்க வேண்டும், டயப்பரை அதற்குக் கீழே மடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ காட்ட வேண்டும்.

மஞ்சள் காமாலையில் நாளைக் கவனியுங்கள். இரண்டு மூன்றாம் நாளில் லேசாகத் தெரிவது பல குழந்தைகளுக்கு வருவதுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, கை கால் வரை மஞ்சள் பரவினாலோ, குழந்தை பாலுக்கே எழாமல் தூங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் காட்டிச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் அப்படித்தான், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தூக்குமுன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். உதட்டோரம் கொப்புளம் இருந்தால் முத்தம் கூடவே கூடாது. அந்த ஹெர்பிஸ் கிருமி பச்சிளம் குழந்தையின் மூளை வரை போகும். மற்ற நாட்களிலும் முகத்தில் வேண்டாம், பாதத்தில் கொடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபின் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். சூடான டம்ளர் கையில் இருக்கும்போது வாங்கவே வேண்டாம்.

எல்லாருடைய கண்ணும் குழந்தை மேலேயே இருப்பதால் பெற்றவள் பார்வையிலிருந்து விடுபட்டுப்போகிறாள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, விடாத தலைவலி, பார்வை மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் எது வந்தாலும் அவசரம். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது சகஜம். அதற்குப் பிறகும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது நோய். மருந்தும் பேச்சும் அதைக் குணப்படுத்தும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அழுகை இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கி ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். பசி, ஈரம், காய்ச்சல் எல்லாம் பார்த்தும் நிற்காவிட்டால் குழந்தையைக் கையில் வைத்திருக்கிறவருக்குப் பொறுமை போய்விடும். அப்போது மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வரலாம். குலுக்கக் கூடாது, ஒருபோதும்; மூளைக்குள் ரத்தம் கசியும். நாங்கள் இன்னும் சில நாள் இருக்கலாமா என்று கேட்க வேண்டிய வாரமும் இதுதான், பலர் சரியாக இந்த வாரத்தில்தான் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பத்தான் வேண்டுமென்றால் ஒரே நாளில் விலகாமல், முதலில் இரவு வேலையை, பிறகு சமையலை என்று கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.