மெட்ரிக் டான்ஸ் கவுனிலிருந்து கூத்துச் சட்டை: மூன்று வார வேலை

எடுத்த துணி: கையில்லாத மெரூன் நெட் கவுன், முழுக்க 6 மி.மீ. சமிக்கி. ஆக வேண்டியது: அர்ஜுனன் வேஷத்துக்கு மார்புச் சட்டையும், புஜக்கட்டைகளுக்கு (தோளில் கட்டும் அணிகள்) மேல்துணியும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். வேஷக்காரர் நெடுநேரம் ஆடி வேர்ப்பதால், உடை பளபளத்தால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும்.

நல்ல சமிக்கித் துணி தேட, மெட்ரிக் டான்ஸுக்கு (அங்கே பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் நடன விருந்து) ஒரே ராத்திரி போட்டுவிட்டுத் தர்மக் கடைக்குக் கொடுத்த கவுன்களைப் பார்க்கலாம். அக்குள் கெட்டிருக்காது, கீழ்விளிம்புதான் தரையில் இழுபட்டுக் கிழிந்திருக்கும். கல்யாண லெஹங்காவில் வேலைப்பாடு அதிகம், எடையும் அதிகம்.

கடையிலேயே துணியை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் எவ்வளவு மின்னினாலும், வாங்கலாமா வேண்டாமா என்பதைப் பின்பக்க நூல்தான் சொல்லும். பின்னால் சங்கிலித் தையல் தெரிந்தால் வரிசை முழுக்க ஒரே நூல். முடிந்த முனையை இழுத்தால் சரசரவென்று எல்லாம் உதிரும். தொங்கும் நூலை அறுக்கக் கூடாது. கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கி, பின்பக்கம் ஒரு சொட்டுத் துணிப்பசை வைத்தால் நிற்கும். நெட் பல இடங்களில் கிழிந்திருந்தால் அந்தத் துணியை விட்டுவிடுவதே மேல். சமிக்கியை மாற்றலாம், அடித்துணியை மாற்ற முடியாது.

முதல் வாரம்: சோதனை, கழுவல். உள்மடிப்பிலிருந்து மூன்று சமிக்கி பிரித்தோம். ஒன்றை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் போட்டோம். ஊதி இளகினால் அது பழைய ஜெலட்டின் சமிக்கி, தண்ணீரே படக் கூடாது. இன்னொன்றை சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்தோம். சாயம் கொஞ்சம் ஒட்டியதால் ஸ்பிரிட் தெளித்து வாடை போக்கும் வழியைக் கைவிட்டோம். மூன்றாவதில் அசிட்டோன் ஒரு துளி. கரைந்தால் அசிடேட், நகப்பூச்சு அகற்றி பக்கமே போகக் கூடாது. இது கரையவில்லை.

உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தொட்டியில் குளிர்ந்த நீரும் ஒரு தேக்கரண்டி மென்மையான ஷாம்பூவும் விட்டு 10 நிமிடம் அமுக்கினோம். பிழியவில்லை. டவலில் சுருட்டி ஈரம் எடுத்து நிழலில் பரப்பினோம். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே துணி நீண்டுவிடும்.

ஓரத்தில் வைக்க எடுத்த பழைய ஜரிகைப் பார்டரில் ஓர் இழையைக் கொளுத்தினோம். பாலியெஸ்டர் சுருங்கிக் கெட்டி மணியாகும். உலோக ஜரிகையில் நூல் எரிந்து சுருள் மட்டும் மிஞ்சும். சுருள் மிஞ்சியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்ப்பதுபோல இதில் தேய்த்தால் மேல்பூச்சே போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்ததோடு நிறுத்தினோம்.

இரண்டாம் வாரம்: சமிக்கி நிரப்பல். மார்பில் 5 × 10 செ.மீ. வெற்றிடம். பாதி பாதி மேலேற்றித் தைத்தால் 10 செ.மீ. வரிசைக்கு ஏறக்குறைய 33 சமிக்கி. வரிசைகளுக்கு இடையே 5 மி.மீ. விட்டால் 10 வரிசை, 330. தொலைவதற்கும் உடைவதற்கும் சேர்த்து 360. டர்பனின் கிரே தெருவில் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு) புதிய மெரூன் வாங்கலாம், ஆனால் பழைய நிறத்தோடு சேராது; மேடை விளக்கில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். எனவே கவுனின் கீழ்விளிம்பையே வெட்டி அங்கிருந்து எடுத்தோம். மெல்லிய மணி ஊசி, மெழுகு தடவிய இரட்டை பாலியெஸ்டர் நூல், பின்தையல். 5 சமிக்கிக்கு ஒரு முடிச்சு போட்டால், ஒரு நூல் அறுந்தாலும் ஐந்தோடு போகும்.

மூன்றாம் வாரம்: வெட்டு. சமிக்கிக்குத் திசை உண்டு. கையால் கீழ்நோக்கித் தடவினால் வழுக்க வேண்டும், மேல்நோக்கித் தடவினால் சொரசொரக்க வேண்டும். இடது பாகமும் வலது பாகமும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். கோடு போடும்போதே ஒவ்வொரு பாகத்திலும் அம்புக்குறி இடுங்கள்.

தையல் விளிம்பில் 1.5 செ.மீ. வரை சமிக்கியைக் கழற்றி, நூல் முனைகளை முடிச்சிட்ட பிறகே மெஷின். 14 எண் ஊசி, 3 மி.மீ. தையல். ஒரு சமிக்கி மிஞ்சினாலும் ஊசி உடைந்து தெறிக்கலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். அக்குளில் 12 செ.மீ. சமிக்கியில்லாத சாட்டின் துண்டு, உள்ளே பருத்தி லைனிங். அயர்ன் செய்யவேயில்லை, சூட்டில் சமிக்கி சுருளும்.

புஜக்கட்டையில்தான் தப்பு நடந்தது. கான்டாக்ட் பசை தடவியதும் அதிலிருந்த கரைப்பான் சமிக்கியை மங்கலாக்கியது. அந்தத் துண்டை எறிந்துவிட்டு, மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, துணியைப் பின்னால் மடக்கித் தைத்தோம்.

டர்பன் கடல்காற்றில் ஜரிகை கறுக்கும். ஆட்டம் முடிந்த அன்றே லைனிங்கை ஈரத்துணியால் ஒற்றி, விடியும்வரை காற்றாட விட்டு, மல்மல் துணியில் சுருட்டி வைக்கிறோம். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக்கை இளக்கும் நாஃப்தலீன் உருண்டையும் வேண்டாம்.