பால்மரமும் மறதியும்: 21ஆம் அத்தியாயம் வரை ஒரு மிகுபுனைவு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றை மனதில் வைத்து நான் எழுதிவரும் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் இப்போது 21ஆம் அத்தியாயத்தில் நிற்கிறது. மொத்தம் 32 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் 2,000 முதல் 2,500 சொற்கள் என்பது திட்டம். ஆங்கில எழுத்துப் பயிற்சி நூல்கள் சொல்லும் சொல் எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. நம் சொற்கள் ஒட்டி வருவதால் அதே கதை குறைந்த எண்ணிக்கையில் முடிந்துவிடும். எண்ணிக்கையை எட்டுவதற்காக நீட்டினால் முதலில் கெடுவது உரையாடல்தான்.

கதை இதுதான். பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், தங்களை வெட்டியவர்களின் (பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்களின்) நினைவுகளைப் பட்டைக்குள் சேர்த்து வைக்கின்றன. விடியுமுன் வடியும் முதல் துளியை நாக்கில் வைப்பவருக்கு அந்த மரத்தை முன்பு வெட்டியவரின் நினைவு ஒன்று கிடைக்கும். பதிலுக்கு, குடித்தவருடைய நினைவு ஒன்று போய்விடும். எது போகும் என்பது அவர் கையில் இல்லை. கதையின் நாயகி அஞ்சலைக்குத் தாயின் முகம் தெரியாது. தாய் வெட்டிய நிரை (அவளுக்கு ஒதுக்கிய மர வரிசை) இன்னும் நிற்கிறது. அதனால் அவள் குடிக்கிறாள்.

பாத்திரத்தை மையமாக வைத்த மிகுபுனைவில் மாயத்தின் விதிகளை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆளைத் தேடினால் கதை விதிப்புத்தகம் ஆகிவிடும். ஆளின் ஆசையை முதலில் எழுதி, அந்த ஆசைக்கு நேர் எதிராக விதியை அமைக்க வேண்டும். அஞ்சலை விஷயத்தில் அந்த விதி எளிமையானது: தாயின் நினைவில் தாயின் முகம் இருக்காது. தாயின் கண் பார்த்ததுதான் இருக்கும். அஞ்சலை எத்தனை துளி குடித்தாலும் காணப்போவது தூளியில் கிடக்கும் தன்னையே. இதை அவள் உணரும் இடம் 16ஆம் அத்தியாயம், நாவலின் சரிபாதி. முன்னே வரும் 15 அத்தியாயங்களும் அந்த ஒரு காட்சிக்காகவே அடுக்கப்பட்டவை.

மற்ற விதிகளைத் தொழிலே கொடுத்துவிட்டது. பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: உளி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், மறுபடி உளி ஒழுங்காக ஓடாது. நாவலில் காயப்பட்ட பட்டையிலிருந்து வரும் நினைவு கோணலாக வரும். நடந்தது வேறு, நினைவில் வருவது வேறு. மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக்குள் (பால் பிடிக்கும் கிண்ணத்துக்குள்) விழாமல் மரமெல்லாம் வழியும். கதையில் மழைநாளில் ஒருவரும் எதையும் பெற முடியாது. வெயில் ஏறினால் வடிவது குறையும் என்பதால் எல்லாமே இருட்டில் நடக்க வேண்டும். அளவுக்கு மீறி வெட்டிய மரத்தின் வெட்டுக்கோடு காய்ந்து, பால் வருவதே நின்றுவிடும். வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியின் கதை இந்த விதியின் மேல் நிற்கிறது. பிறர் ரகசியங்களுக்காக அவர் ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுகிறார். அவருடைய அப்பாவின் நினைவு இருந்ததும் அந்த மரத்தில்தான்.

விதிகளுக்கென்று தனி நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன்: விதி, அதற்கான விலை, வாசகர் அதை முதலில் பார்க்கும் அத்தியாயம், அதை மீறுபவர். மூன்றாம் கட்டம் காலியாக இருக்கும் விதியை நெருக்கடியில் பயன்படுத்தவே கூடாது. வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

ஆட்களுக்கும் பெரிய குறிப்பேடு தேவையில்லை. உயரம், நிறம், பிடித்த சாப்பாடு என்று பக்கம் நிரப்புவதால் ஒரு காட்சிகூட நகராது. ஒவ்வொருவருக்கும் நான்கே வரி: என்ன வேண்டும், எதற்குப் பயம், எதை விட்டுக்கொடுக்க மாட்டார், எந்தப் பொய்யை உண்மையென்று நம்புகிறார். அஞ்சலை நம்பும் பொய், ‘அம்மாவைத் தெரிந்துகொண்டால் நான் நல்ல அம்மாவாகிவிடுவேன்’ என்பது. அவள் இழப்பதெல்லாம் தன் மகளைப் பற்றிய நினைவுகள் என்பதால் அந்தப் பொய்க்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் விலை ஏறுகிறது.

மிகக் கடினமான வேலை மறதியை எழுதுவது. கதை அஞ்சலையின் பார்வையிலேயே போகிறது. மறந்தவளுக்கு மறந்தது தெரியாது. ‘அவள் அதை மறந்துவிட்டாள்’ என்று ஆசிரியர் சொன்ன நொடியே பார்வை உடைந்துபோகும். வழி ஒன்றுதான்: போகப்போகும் நினைவை முன்கூட்டியே வாசகரிடம் கொடுத்து வைப்பது. 4ஆம் அத்தியாயத்தில் மகளுக்கு அவள் பாடும் தாலாட்டு ஒரு வரியோடு வருகிறது. தூளிக்கயிற்றின் சத்தமும் மகள் விரல் சூப்புவதும் அதோடு சேர்ந்து வருகின்றன. 10ஆம் அத்தியாயத்தில் ஆயாக் கொட்டகையில் (வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) ஆயா அதே வரியைப் பாட, “நல்லாருக்கே ஆயா, எங்க கத்துக்கிட்டீங்க?” என்று அஞ்சலை கேட்கிறாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஐந்து முதல் ஏழு அத்தியாயம் இருப்பது நல்லது. அதைவிடக் கிட்ட வைத்தால் தந்திரம் போலத் தெரியும். தள்ளி வைத்தால் வாசகரும் மறந்துவிடுவார். நினைவோடு ஒரு சத்தமோ வாசமோ ஒட்டியிருக்க வேண்டும். வெறும் செய்தியாகச் சொன்னது மனதில் தங்குவதில்லை.

மறந்ததை அவள் பிற்பாடு தப்பித்தவறியும் பயன்படுத்தக் கூடாது. இங்கேதான் பிழை நுழையும். கோப்பில் தேடும்போது ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தில்’ எதுவும் அகப்படாது. ‘மர’ என்ற அடியைத் தேட வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தேடலில் அவை வரவே வராது.

காலத்தை 1950களின் இறுதியில் வைத்தேன். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்த காலம் அது. மரங்கள் கைமாறும், வெட்டிச் சாய்க்கப்படும் என்ற கெடு கதைக்குத் தேவை. 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தபின், தொழிலாளர் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்ற வழி திறந்தது. அது பெரிய விஷயம், தனி நாவலுக்கு உரியது. இந்தக் கதைக்குள் அது வந்தால் அஞ்சலை எடுக்க வேண்டிய முடிவைச் சங்கம் எடுத்துவிடும். 1948 ஜூனில் இதே வட்டாரத்தில் துரைமார் (தோட்டங்களின் வெள்ளைக்கார மேலாளர்கள்) சுடப்பட்டதை அடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலமும் அப்போது முடிந்திருக்கவில்லை. அந்தப் பயத்தை ஆட்களின் தாழ்ந்த பேச்சில் மட்டும் விட்டிருக்கிறேன்.

முனியாண்டி எல்லையில் நிற்கிறார். மாயத்துக்குக் காரணம் அவர் அல்ல. மக்கள் மெய்யாகவே கும்பிடும் காவல் தெய்வத்தைக் கதையின் வசதிக்கு இயங்க வைப்பது எனக்கு ஒப்பாத காரியம்.

உரையாடலுக்கு ஒரு சோதனை: பேசுபவரின் பெயரை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். கங்காணி “ஏ புள்ள” என்பார். அஞ்சலை அவரிடம் “ஆமாங்க கங்காணி” என்பாள், பக்கத்து நிரைக்காரியிடம் “ஏங்க்கா” என்பாள். கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) எல்லோர் குரலும் அரைப்படி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால் யாருக்கு யார்மேல் அதிகாரம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. விவரிப்பு எழுத்துத் தமிழில், பேச்சு தோட்டத்துத் தமிழில். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்தால் வாசிப்பு தடுக்கும்.

வாசித்துக் கருத்துச் சொல்ல இரு தரப்பு வேண்டும்: மரம் வெட்டியவர்கள், தோட்டமே தெரியாத மிகுபுனைவு வாசகர்கள். முதல் தரப்புக்கு உரக்க வாசித்துக் காட்டுவதே சரி. உளி பிடிக்கும் கை, பழைய கோட்டில் உலர்ந்த பாலை இழுத்த பிறகே வெட்டுவது போன்றவற்றை அவர்கள் காதாலேயே பிடித்துவிடுவார்கள். இரு தரப்பிடமும் ‘நல்லாருக்கா’ என்று கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினீர்கள், யார்மேல் கோபம் வந்தது என்று கேட்டால்தான் திருத்த முடிகிற பதில் கிடைக்கும். இதுவரை கோபம் முழுவதும் கங்காணி மேலேயே விழுகிறது. அஞ்சலை மேலும் கொஞ்சம் விழ வேண்டும், ஏனென்றால் மகளை இழப்பது அவளுடைய தேர்வு.

ஆகவே 22க்குப் போகுமுன் 13ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். அதில் மகள் “இன்னைக்குப் போகாதம்மா” என்று வெளிப்படையாகவே கேட்பாள். மழையும் இருக்காது, கங்காணியின் மிரட்டலும் இருக்காது. அஞ்சலை தானாகவே உளியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.