அவிநாசியில் எதிர்வீட்டு அழுகை

பிள்ளை வரம் கேட்டுப் போக நம் ஊரில் கோவில்களுக்குக் குறைவில்லை. கரு நிலைக்கத் திருக்கருகாவூர், சுகப்பிரசவத்துக்குத் திருச்சி தாயுமானவர் என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மாதம் நிறையச் சுமந்து, உயிரில்லாமல் பெற்று, வெறுங்கையோடு வீடு திரும்பியவளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். "ராமேஸ்வரம் போய்ட்டு வாங்க, தோஷம் கழியும்" என்றார்கள் சிலர். என் மகள் செய்த தோஷம் என்னவென்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாங்கள் போனது அவிநாசிக்கு.

திருக்கருகாவூருக்கு ஏற்கெனவே போய் வந்திருந்தோம். கர்ப்பரட்சாம்பிகை பாதத்தில் வைத்துக் கொடுத்த விளக்கெண்ணெயை மகள் ஒரு நாள் விடாமல் வயிற்றில் தடவிக்கொண்டாள். ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் அசைவு தெரியவில்லை. ஸ்கேனில் துடிப்பு இல்லை. வலி வர மருந்து ஏற்றினார்கள். வயிற்றிலேயே இறந்துவிட்டால் பிரசவ வலி இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. விடிய விடிய வலித்து, ஆண் குழந்தை பிறந்தது. காரணம் கேட்டதற்கு, "எல்லாருக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியறதில்லைம்மா" என்றார் டாக்டர். "பார்த்தா மனசு தாங்காது" என்று பெரியவர்கள் முடிவு செய்து, மகள் கண்ணில் காட்டாமலே துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைதான் வாங்கிப்போய்த் தோட்டத்து மூலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

பிள்ளை போனது மார்புக்குத் தெரியுமா? பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, என் அம்மா காலத்து வழக்கப்படி மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினேன். அறை முழுக்கப் பூவாசம். சீமந்தத்தன்று வந்த அதே வாசம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரிய சாவு என்றால் ஊரே வந்து உட்கார்ந்து அழும், காரியம் நடக்கும், பதினாறாம் நாள் வரும். இதற்கு எதுவும் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் "விடு கண்ணு, அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மில்லுக்குப் போனார், வந்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினார்.

அவிநாசியை நான் நினைத்ததற்கு என் அப்பா படித்துக் காட்டிய பெரியபுராணம்தான் காரணம். தன் நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாடு போகும் வழியில், தேவாரம் பாடிய சுந்தரர் இந்த ஊருக்கு வருகிறார். அப்போது இதன் பேர் திருப்புக்கொளியூர். தெருவில் ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. விசாரித்தால், ஐந்து வயதுச் சிறுவர்கள் இருவர் குளத்தில் குளிக்கப் போனதில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது என்றார்கள். அது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. தப்பிய பையனுக்கு இன்று பூணூல். தங்கள் பிள்ளைக்கும் இன்று நடந்திருக்குமே என்றுதான் எதிர்வீட்டில் அழுகிறார்கள்.

எல்லோரும் முதலை பிள்ளையைக் கக்கிய அதிசயத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய இடம்தான் பெரிது. சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அந்தத் தாயும் தகப்பனும் அழுகையை மறைத்து, முகம் மலர்ந்து வந்து கும்பிடுகிறார்கள். அவர் அவர்களிடம், மகனை இழந்தவர்கள் நீங்கள்தானா என்று கேட்கிறார். அவர்கள் அது முன்பே நடந்தது என்று ஒதுக்கிவிட்டு, உங்களைப் பார்க்கக் கிடைத்ததே என்கிறார்கள். துக்கத்தை மறைத்துக்கொண்டு வந்தவரை உபசரிப்பது எங்கள் கொங்கு நாட்டில் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

தீட்டுக் கழிந்து, மகள் நடமாட ஆரம்பித்த பிறகு கிளம்பினோம். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் சின்னப் பயணம்தான், இறங்கினால் நடக்கிற தூரத்தில் ஏழு நிலை ராஜகோபுரம். கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் இதுவும் ஒன்று. அவிநாசியப்பருக்கு வலப்புறம் கருணாம்பிகை தனிச் சன்னதியில் இருக்கிறாள். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் சிற்பத்தைத் தேடிப் போனாள் மகள். பக்கத்தில் ஒரு அப்பா தன் பையனுக்கு முதலையின் பல்லைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் நகரும்வரை காத்திருந்து, கல்லில் இருந்த அந்தப் பிள்ளையின் தலையை ஒருமுறை தடவினாள்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். மாப்பிள்ளை தன் பேரையும் அவள் பேரையும் சொன்னார். "ரோகிணி" என்றாள் மகள்.

"அது யாருக்குங்கம்மா? பேரு?"

"பேரு வைக்கலைங்க. நட்சத்திரம் மட்டுந்தான்."

குருக்கள் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சங்கல்பத்தில் அந்த நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

வெளி மண்டபத்தில் ஒரு பெரியவர் திருமுறைப் புத்தகத்தை மடியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, "புள்ளை வேணும்னு வந்தீங்களா? நாலாவது பாட்டைப் பாடறேன், உட்காருங்க" என்றார். சுந்தரர் இந்த ஊரில் பாடிய பதிகத்தில் எல்லோரும் அறிந்த பாட்டு அது. 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே' என்று சுந்தரர் ஆணையே இடுகிறார். அதைப் பாடியதும் போன வருஷங்களின் வளர்ச்சியும் சேர்ந்தே பிள்ளை திரும்பி வந்தான் என்கிறது புராணம்.

மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எங்க பையன் வர மாட்டானுங்க தாத்தா. முதல்ல இருந்து பாடுங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். 'எற்றான் மறக்கேன்' என்று ஆரம்பித்தார். இரண்டாவது பாட்டு வந்தது.

'வழிபோவார் தம்மோடும் வந்துடன் கூடிய மாணிநீ
ஒழிவ தழகோசொல் லாய்'

"இதை இன்னொருக்கா பாடுங்க" என்றாள். பாடினார். இன்னும் ஒருமுறை கேட்டாள். கூடவே வந்துவிட்டு நீ இப்படிப் போனது அழகா, சொல் என்று யாரைக் கேட்கிறாளோ, நான் தடுக்கவில்லை. உரை எழுதிய புலவர்கள் இந்த வரிக்கு என்ன பொருள் சொன்னால் என்ன?

கோவிலுக்குச் சற்றுத் தள்ளித் தாமரைக்குளம். முதலை பிள்ளையை விழுங்கியது இங்கேதான் என்பார்கள், கரையில் சுந்தரருக்குச் சின்னக் கோவில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தை ஒட்டி முதலைவாய்ப்பிள்ளை உற்சவம் நடக்கும்போது கூட்டம் இருக்குமாம். நாங்கள் போன மத்தியானம் ஆடு மேய்ப்பவர் ஒருவரைத் தவிர யாருமில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கட்டிக் கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்தேன்.

மகள் சோற்றைத் தொடவில்லை. திடீரென்று கேட்டாள்.

"ஏனுங்க, நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க. எப்படி இருந்தான்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"முடி நெறைய இருந்துச்சு. கருகருன்னு, நெத்தி வரைக்கும்" என்றார். "மூக்கு எங்க அப்பா மூக்கு. விரலெல்லாம் நீளம் நீளமா, உன்ன மாதிரியே. துணி விலகி ஒரு கை வெளிய வந்துடுச்சு அம்மிணி. நான் மறுபடியும் உள்ள வெச்சு..." அதற்கு மேல் வரவில்லை. சோற்றுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "கால்? கால் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

காலைப் பற்றிச் சொன்னார். காதைப் பற்றிச் சொன்னார். எந்த மரத்துக்குக் கீழே, எந்தப் பக்கம் தலை வைத்து, யார் யார் கூட வந்தார்கள், தோளில் கிடந்த துண்டை மேலே போர்த்திவிட்டது, எல்லாம் சொன்னார். அவள் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருக்கும் திருமுருகன்பூண்டிக் கோவிலையும் சேவித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்து வந்திருந்தேன். நடை சாத்தும் நேரம் தாண்டிவிட்டது, அவர்களும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. நான் போய் ஆட்டுக்காரரிடம் பக்கத்தில் டீக்கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன்.