மே 17 படத்தில் அது இல்லை

"எம் 101-ஐ இந்த வாரம் எடுத்தியா?"

2023 மே 20 அன்று போனை எடுத்ததும் நண்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான். எடுத்திருந்தேன். 17-ஆம் தேதி இரவு, தொலைநோக்கி வழியாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என நாற்பது படங்கள். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்ச? எதையும் அழிக்கலையே?" என்று அடுத்தடுத்துக் கேட்டான். எம் 101 என்ற அந்தப் பேரடையில், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டத்தில், ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது என்ற செய்தியையே அதற்கப்புறம்தான் சொன்னான். அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது வெடிப்பின் படம் அல்ல, வெடிப்பதற்கு முந்தைய படம்.

முந்தைய நாள் ஜப்பானைச் சேர்ந்த கோய்ச்சி இதகாகி அதைக் கண்டுபிடித்திருந்தார். தொழில்முறை வானியலாளர் இல்லை. ஆனால் இப்படி வெடிக்கும் நட்சத்திரங்களை, அதாவது சூப்பர்நோவாக்களை, நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்தவர். இதற்கு எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர். ஆண்டுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்துகள் வெறும் வரிசை எண்தான்: முதல் இருபத்தாறுக்கு ஒற்றை எழுத்து, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. விரலில் எண்ணிப் பார்த்தால் ஐஎக்ஸ்எஃப் என்பது 6,714-ஆவது இடம். மே மாதம் முடிவதற்குள் அத்தனை பதிவுகள்! பெரும்பாலானவை தானியங்கித் தொலைநோக்கிகள் பிடித்தவை, மிகத் தொலைவில் மங்கலாகக் கிடப்பவை. இதுவோ 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருப்பது. சூப்பர்நோவா கணக்கில் அது பக்கத்து வீடு.

சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரையும் வால்நுனி நட்சத்திரத்தையும் அடிப்பக்கமாக வைத்து ஒரு முக்கோணம் போட்டால், மூன்றாவது முனையில் இருப்பது எம் 101. நாம் அதை நேராக மேலிருந்து பார்ப்பதுபோல அமைந்திருப்பதால் சுருள்கைகள் முழுசாகத் தெரியும். அன்றிரவு எட்டு அங்குலத் தொலைநோக்கியை மறுபடி அதன் பக்கம் திருப்பினேன். முதல் படம் திரையில் வந்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று பழகியிருக்கிறேன். 17-ஆம் தேதி படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, கணினியை மாறி மாறிக் காட்டச் சொன்னேன்.

அப்படி மாறி மாறி வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பிடி தெரியும். அரை விநாடிக்கு ஒரு முறை படம் மாறும். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். பின்புலத்தின் சாம்பல் நிறம் மட்டும் லேசாக மூச்சு விடும், ஏனென்றால் இரண்டு இரவுகளில் வானம் ஒரே அளவு கறுப்பாக இருப்பதில்லை. வெளிப்பக்கச் சுருள்கையில் என்ஜிசி 5461 என்ற வாயு மேகம் ஒரு கசங்கிய திட்டாகத் தெரியும். அதன் அருகே ஒரு புள்ளி. இருக்கிறது. இல்லை. இருக்கிறது. இல்லை. 'இல்லை' என்று வரும் ஒவ்வொரு முறையும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சிவப்புப் பெருமீன் என்ற வகை ராட்சத நட்சத்திரம் ஒன்று இருந்தது, அதன் மையத்தில் எரிபொருள் தீர்ந்து இரும்பு சேர்ந்து, தன் எடையைத் தாங்க முடியாமல் உள்ளே சரிந்தது. அந்த வெடிப்பின் ஒளி 2 கோடியே 10 லட்சம் ஆண்டுகள் நடந்து வந்து, என் இரண்டு படங்களுக்கு நடுவில் பூமியைத் தொட்டிருக்கிறது.

என் 17-ஆம் தேதி படத்தால் அறிவியலுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அதைவிட நெருக்கமான நேரத்தில், 18-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும், பல நாடுகளில் ஆர்வலர்கள் எம் 101-ஐ எடுத்திருந்தார்கள். அழகான படம் வேண்டும் என்று எடுத்தவைதான். செய்தி வந்த பிறகு அவரவர் சேமிப்பைத் தோண்டினார்கள். சிலரின் படங்களில் எதுவும் இல்லை, சிலரின் படங்களில் மிக மங்கலாக ஏதோ முளைத்திருந்தது. அவற்றை வரிசைப்படுத்தித்தான் வெடிப்பின் ஒளி முதலில் எப்போது வந்தது என்பதைச் சில மணி நேர அளவுக்கு நெருக்கிப் பிடித்தார்கள். ஹப்பிள், ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிகளின் பழைய படங்களைப் புரட்டி, வெடிப்பதற்கு முன் அந்த நட்சத்திரம் தூசி மூடிக் கிடந்ததையும் கண்டார்கள். எல்லாமே பழைய படங்கள்.

இந்த வேலையில் 'முன்பு என்ன இருந்தது' என்று தெரிந்திருப்பதுதான் பாதி. ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ் என்ற பாதிரியார் இதை மனப்பாடமாகவே வைத்திருந்தார். தன் முதல் சூப்பர்நோவாவை 1981-இல் பத்து அங்குலத் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார். கேமரா கிடையாது. நூற்றுக்கணக்கான பேரடைகளைச் சுற்றியுள்ள நட்சத்திரங்கள் எப்படி அமைந்திருக்கும் என்பது அவர் தலைக்குள் இருந்தது. இப்படிக் கண்ணால் மட்டுமே நாற்பதுக்கு மேல் கண்டுபிடித்தார். எனக்குச் சரியாக நினைவிருக்கும் பேரடைகள் ஐந்தோ ஆறோதான். அதனால்தான் வன்தட்டு.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் விக்டர் பூசோ என்று ஒருவர். பூட்டுத் தொழில் செய்பவர். 2016 செப்டம்பர் 20 இரவு தன் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற பேரடையைக் குறுகிய நேரப் படங்களாக எடுத்துக்கொண்டே இருந்தார். ஆரம்பப் படங்களில் அந்த இடம் காலி. பிறகு ஒரு புள்ளி வந்தது, பிரகாசமாகிக்கொண்டே போனது. வெடிப்பின் அதிர்ச்சி அலை நட்சத்திரத்தின் மேற்பரப்பை உடைத்து வெளியே வரும் கணம் அது. 2018-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நான் அதில் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த ஆரம்பப் படங்களைத்தான். "ஒன்றுமில்லையே" என்று அவற்றை அழித்திருந்தால், எப்போது தொடங்கியது என்பதற்குச் சாட்சி போயிருக்கும்.

அவசரப்பட்டு ஒருமுறை நானும் அடிபட்டிருக்கிறேன். சிம்ம ராசியில் இருக்கும் எம் 66 பேரடையில் ஒரு புதிய புள்ளி. எவன்ஸ் 1989-இல் சூப்பர்நோவா கண்ட அதே பேரடை. கை நடுங்கியது. பத்து நிமிடப் படங்களைச் சேர்த்த அந்தப் படத்தில் மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் வட்டமாக இருக்க, இந்தப் புள்ளி மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. பார்த்தேன், ஆனால் தொலைநோக்கியின் நகர்வில் கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நண்பனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன். அவன் சிறுகோள் பட்டியலில் தேடிப் பார்த்தான். அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்துபோன ஒரு சிறுகோள். சிம்மமும் கன்னியும் சூரியப் பாதையை ஒட்டி இருப்பதால் அங்கே சிறுகோள்கள் அடிக்கடி குறுக்கே வரும். அரை மணி கழித்து இன்னொரு படம் எடுத்திருந்தாலே புள்ளி இடம் மாறியது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டாவது படம் இல்லாமல் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பதிவுத் தளத்தில் புதிய புள்ளியை அறிவிக்கும் படிவத்தில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசியாக அந்த இடத்தில் எதுவும் தெரியாத தேதி எது, அன்று எவ்வளவு மங்கலானது வரை உங்கள் படத்தில் பதிந்திருந்தது என்று அங்கே கேட்கிறார்கள். 'இல்லை' என்பதைத் தேதியோடும் எண்ணோடும் எழுதச் சொல்கிறார்கள். என் மே 17 படத்துக்கு அந்த எண் 18-ஆவது மேக்னிட்யூட், அதாவது வானியலாளர்களின் பிரகாச அளவு. எண் குறைந்தால் ஒளி அதிகம். இதகாகி கண்டபோது அது கிட்டத்தட்ட 15, சில நாளில் 11-ஐத் தொட்டது.

புதிதாக இதில் இறங்குபவர்களிடம் இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அழகுபடுத்திய இறுதிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழிக்காதீர்கள். கேமராவிலிருந்து வந்தபடியே, எடுத்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் (யுடிசி) குறித்து வையுங்கள். மேகம் வந்து பத்து நிமிடத்தில் மூட வேண்டியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தையும் வையுங்கள். இரவுதோறும் வானத்தைத் துழாவும் ரோபோக்களுக்கும் மேகம் உண்டு, நிலவு உண்டு. அவை பார்க்காத மணி நேரம் உங்களிடம் இருக்கலாம்.

இப்போது என்ஜிசி 6946-ஐத் தொடர்ந்து எடுத்துவருகிறேன். 1917-இலிருந்து 2017-க்குள் பத்து சூப்பர்நோவாக்கள் பதிவான பேரடை. கடைசியாக 2017-இல் வந்ததைக் கண்டுபிடித்தவரும் ஓர் ஆர்வலர்தான். நேற்று 63-ஆவது இரவு. நடுவில் ஈரம் படிந்து கண்ணாடி மங்கியதால் கடைசி எட்டுப் படங்கள் மோசம். 62-ஆவது இரவோடு பொருத்தி மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதுவும் முளைக்கவில்லை. மோசமான எட்டையும் சேர்த்தே, தேதி போட்டு வைத்துவிட்டேன்.