எடை மெஷின் ரூம்ல கேக்குற கேள்வி

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல ஸ்டாஃப் நர்ஸா 11 வருஷமா இருக்கேன். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, புவனகிரின்னு எல்லா பக்கத்துலேருந்தும் வருவாங்க. ரெட்டப்புள்ளன்னு சீட்டு வந்தாலே ஃபாரத்த ரெண்டு தடவ படிச்சுதான் எழுதுவேன், அதுக்கு காரணம் ஒரு அம்மா.

புள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் மாதிரி குரோமோசோம் கோளாறு இருக்குற ரிஸ்க் எவ்வளவுன்னு கணக்கு போட, கர்ப்பத்தோட 11 வாரத்துலேருந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள புள்ள கழுத்துக்கு பின்னாடி நீர அளக்குற என்டி ஸ்கேன் பாத்து, கூடவே டபுள் மார்க்கர் டெஸ்டுக்கு அம்மாவோட ரத்தம் எடுப்போம். ரெட்டப்புள்ளன்னா டாக்டர் மொதல்ல தேடுறது நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, ஒண்ணா ரெண்டான்னுதான். நடு சவ்வு நஞ்சுல சேர்ற எடம் முக்கோணமா தடிச்சிருந்தா தனித்தனி, டி எழுத்து மாதிரி மெல்லிசா நேரா போய் முட்டுனா ஒரே நஞ்சு. ஒரே நஞ்சுன்னா ஒரே கருவுலேருந்து பிரிஞ்ச புள்ளைங்க, அதனால ரெண்டுக்கும் சேத்து ஒரே ரிஸ்க் நம்பர், தனித்தனின்னா ஆளுக்கு ஒரு நம்பர். "எந்தப் புள்ளைக்கு பிரச்சன சிஸ்டர்?"னு கேப்பாங்க. ரத்தம் அம்மாவோடது, ரெண்டு புள்ளையோடதும் அதுல கலந்துதான் வரும், அத வச்சு பிரிச்சு சொல்ல முடியாது. கழுத்துக்கு பின்னாடி இருக்குற நீர் அளவுதான் தனித்தனியா தெரியும். இத ஊசி போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், ரிப்போர்ட் வந்தப்புறம் சொன்னா யார் காதுலயும் ஏறாது.

அந்த அம்மாவுக்கு 41 வயசு. மாமியார், வீட்டுக்காரர் ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்திருக்க, ஃபாரத்துல இருக்குறத நான் வரிசையா கேட்டுட்டே போனேன், ஐவிஎஃப்பா, அதாவது டெஸ்ட் ட்யூப் முறையில நின்னதான்னு கேட்டதும் மாமியாரே முந்திக்கிட்டு "இல்லம்மா, தானா நின்னுது, எங்க கொலசாமி குடுத்தது"ன்னாங்க. அந்த அம்மா தலைய குனிஞ்சுக்கிட்டாங்க. நான் இல்லன்னு டிக் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன், அந்த குனிஞ்ச தலைய பாத்தும் போயிட்டேன்.

ஒரு புள்ளைக்கு 90-ல ஒண்ணுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. எங்க கட்-ஆஃப் 250-ல ஒண்ணு, ரிஸ்க் அதுக்கு மேல போனா அடுத்த டெஸ்ட் பத்தி பேசணும். பனிக்குட நீர் எடுத்து பாக்கணும்னா பாண்டிச்சேரி போகணும், ரெட்டன்னா பெரும்பாலும் ரெண்டு பையிலயும் ஊசி போடணும், கரு கலையுற ஆபத்து கொஞ்சம் இருக்குன்னு டாக்டர் எடுத்து சொன்னாங்க. மாமியார் "சொந்தத்துல கட்டுனதாலயா?"ன்னு அழுதாங்க. டவுன் சின்ட்ரோமுக்கும் சொந்தத்துல கட்டுறதுக்கும் சம்மந்தமில்ல, 21-வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணா இருக்குறதுதான் அது, முட்டை உருவாகும்போதே பெரும்பாலும் நடந்துடுதுன்னு நான் சொல்லிட்டிருந்தேன். முட்டைன்னு சொன்னதும் அந்த அம்மா என்ன நிமிந்து பாத்தாங்க. அப்பவும் எனக்கு ஒறைக்கல.

மூணாவது நாள் ராத்திரி வீட்டுக்காரர் சென்டர் நம்பருக்கு போன் பண்ணாரு. முட்டை டோனர் கிட்ட வாங்குனது, அந்த பொண்ணுக்கு 26 வயசு, எங்கம்மாவுக்கு தெரியாதுன்னாரு.

கணக்கே வயசுலேருந்துதான் ஆரம்பிக்குது. 25 வயசுல டவுன் ரிஸ்க் சுமாரா 1250-ல ஒண்ணு, 40-ல சுமாரா 100-ல ஒண்ணு. ஆனா பாக்க வேண்டியது முட்டையோட வயசு, சுமக்குறவங்க வயசு இல்ல. மறுபடி கணக்கு போட்டப்ப 1300-ல ஒண்ணுன்னு வந்துச்சு. டாக்டர் ஊசி இப்போதைக்கு வேணாம்னுட்டாங்க. மூணு ராத்திரி அவங்க தூங்காம கெடந்தது என்னோட ஒரு டிக்கால. அவங்க கைய புடிச்சு மன்னிப்பு கேட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லல, என் கைய விடவும் இல்ல.

2021-ல வந்த சட்டப்படி முட்டை குடுக்குறவங்க வயசு 23-லேருந்து 35-க்குள்ள இருக்கணும், அப்ப 40 தாண்டி டோனர் முட்டையில வர்றவங்க எல்லாருக்குமே இந்த தப்பு நடக்கலாம். யாரும் பொய் சொல்லணும்னு சொல்றதில்ல. எதிர்ல மாமியார் இருந்தா எந்தப் பொண்ணு சொல்லுவா?

இப்ப எடை மெஷின உள் ரூமுக்கு மாத்திட்டோம். எடையும் கணக்குக்கு வேணும், அதனால "வெயிட் பாக்கணும், பேஷன்ட் மட்டும் வாங்க"ன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கதவ சாத்திட்டுதான் கேப்பேன், முட்டை உங்களுதாம்மா, டோனரோடதான்னு.

போன வாரம் ஒருத்தங்க மெஷின் மேல நின்னுக்கிட்டே, கண்ணு நம்பர்லயே இருக்க, "டோனர் சிஸ்டர், ரிப்போர்ட்ல அது வருமா?"ன்னாங்க. டோனர் வயசு அச்சாகி வரும்னேன். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வாங்க வந்தப்ப கவருக்கு மொதல்ல கைய நீட்டுனது மாமியார்தான். "பேஷன்ட் கையெழுத்து போட்டுதான்மா வாங்கணும்"னு ரெஜிஸ்டர அவங்க பக்கம் திருப்பி, கவர அவங்க கையிலயே குடுத்தேன்.