மூன்று நிமிடத்துக்குள் ஒரு வர்ணம்

தொலைக்காட்சி நடனப் போட்டிக்கு வன்னிப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறவர்களுக்கு முதல் வேலை கத்தரிக்கோல் வேலைதான். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்தால், எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 6 விநாடி போகும். கையில் இருப்பது 30 ஆவர்த்தனம். பரதத்தின் நீண்ட உருப்படியான அரை மணிநேர வர்ணத்திலிருந்து இந்த முப்பதைப் பொறுக்க வேண்டும்.

கைதட்டு வாங்கலாம் என்று தீர்மானங்களை (வேகமான காலடிக் கோவைகளை) மட்டும் கோத்துக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. மூன்றாவது தீர்மானத்தில் பிள்ளைக்கு இளைக்கும், முழங்கால் மடித்து நிற்கிற அரைமண்டி தானாக எழும்பிவிடும். மண்டபத்தில் பின்வரிசைக்குத் தெரியாத அந்த நாலு விரற்கடையைக் கமரா காட்டிக்கொடுக்கும். இரண்டு தீர்மானங்களுக்கு நடுவில் நாலு ஆவர்த்தனமாவது முகத்தாலும் கையாலும் பொருள் காட்டுகிற அபிநயம் இருந்தால்தான் மூச்சு திரும்பும். ஒட்டுகிற இடத்திலும் கவனம் வேண்டும். தாளம் தொடங்குகிற சமத்தில் முடிகிற ஜதியோடு (சொற்கட்டோடு), அரை அட்சரம் தள்ளி எடுக்கிற பாட்டுவரியை அப்படியே ஒட்டினால் அரை அட்சரம் காணாமல் போய்விடும். காது பொறுத்தாலும் கால் பொறுக்காது.

பல பாணிகள் ஒரே மேடையில் ஏறும்போது நடுவர்களில் பாதிப்பேருக்கு முத்திரை விளங்காது. பிரித்தானியாவில் பிபிசி 2015இல் தொடங்கிய இளம் நடனக் கலைஞர் போட்டியில் பாலே, சமகால நடனம், ஹிப்ஹொப், தெற்காசிய நடனம் என்று நாலு பிரிவுகள் இருந்தன. 2022இல் அதை வென்றது பரதம் ஆடிய பிள்ளை. ஆகவே விளங்காது என்று பயந்து பரதத்துக்குள் ஹிப்ஹொப் அசைவுகளைச் செருகத் தேவையில்லை. வரிக்கு வரி கதை சொல்லாமல், கோபமோ ஏக்கமோ ஒரு பாவத்தை எடுத்து அதிலேயே நின்றால் போதும்.

ஆட்டத்தை விட ஒலியில்தான் கூடுதலான பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பாடசாலை மண்டபத்தில் ஸ்பீக்கர் சனத்தைப் பார்த்து நிற்கும். மேடையில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்பது பின்சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம். சுவர் 20 மீற்றர் தள்ளியிருந்தால் போய்வர 40 மீற்றர், ஏறத்தாழ 0.12 விநாடி பிந்தும். ஓர் அட்சரத்துக்கு நாலு தட்டு விழுகிற மூன்றாம் காலத்தில் தட்டுக்குத் தட்டு இடைவெளியே 0.19 விநாடிதான். கால் பிந்துகிறது என்று பிள்ளையை ஏசுவதில் பிரயோசனம் இல்லை. “ரீச்சர், பாட்டு கேக்கேல்ல” என்று அது சொன்னால் நம்புங்கள்; மேடையை நோக்கி ஒரு ஸ்பீக்கரைத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கூத்தாடுகிற பிள்ளையின் பாடு வேறு. கூத்தின் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். ஆட்டமும் அதற்கேற்பச் சுழலும். ஸ்டூடியோவில் முன்பக்கம் ஒன்றுதான். பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடுகிற வரவாட்டத்தை அப்படியே ஆடினால் பாதி நேரம் முதுகுதான் படத்தில் விழும். வட்டத்தைச் சுருக்கி அரைவட்டமாக்கலாம், ஆனால் மத்தளக்காரரை முதலில் சம்மதிக்க வைக்க வேண்டும். அடி குறைந்தால் அவருடைய தாளக்கட்டும் மாறும். பாடிக்கொண்டே ஆடுவதால் சட்டையில் குத்துகிற மைக் சரிவராது, நெஞ்சுப் பதக்கத்தில் உரசிக் கரகரக்கும். கன்னத்தோடு ரேப் போட்டு ஒட்டுகிற மைக் கேட்டு வாங்குங்கள்.

சலங்கைக்கு வருவோம். முதல்நாளே ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை மெழுகு நூலால் இறுக்கித் தைக்க வேண்டும். ஒரு மணி கழன்று கறுப்புத் தரையில் விழுந்தால் கண்ணுக்குப் படாது. அடுத்து வருகிறவர் ஹிப்ஹொப்காரராக இருந்தால் தோளையும் முதுகையும் நிலத்தில் வைத்துச் சுழலுவார். ஆடி முடிந்ததும் மேடையை ஒருமுறை கூட்டச் சொல்வது நம்முடைய பொறுப்பு.

ஒளிப்பதிவை நெறிப்படுத்துகிறவருக்கு விநாடிக் குறிப்பு எழுதிக் கொடுப்பதும் நம்முடைய வேலைதான். “42ஆவது விநாடி, தீர்மானம், கால் தெரிய வேண்டும்” என்பது போல ஒரு தாளில் பத்து வரி போதும். கொடுக்காவிட்டால் கால் பேசுகிற நேரத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்த பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும், சலங்கை வார் வழமையான துளைக்கு எட்டாது. முதல்நாளே போய்ச் சேர முடியாவிட்டால், வாரில் முன்கூட்டியே இன்னொரு துளை போட்டு வையுங்கள்.